மம்லூக் சீட்டுகளின் எழுத்தணிக் கலை

சேகரிப்போருக்கென்றே தனி வடிவமைப்பில் அச்சிடப்படும் சீட்டுக்கட்டுகள் இன்று உலகெங்கும் விற்பனையாகின்றன. அவற்றுள் பல, விளையாட்டுக்கே எடுக்கப்படாமல், உறை பிரிக்கப்படாமல் பேழைகளில் காக்கப்படுகின்றன. சீட்டு, ஓவியனின் சிறு பலகையாகிவிட்டது. இக்கலையின் மிகத் தொன்மையான முன்மாதிரிகளுள் ஒன்று அரபு எழுத்தைச் சுமந்து நிற்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் எகிப்தின் மம்லூக் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்த (1250–1517) கையோவியச் சீட்டுகள் உள்ளன. எல். ஏ. மேயர் என்னும் ஆய்வாளர் 1931இல் அவற்றைக் கண்டறிந்து, 1939இல் கட்டுரையாக வெளியிட்டார். ஐம்பத்திரண்டு சீட்டுகள் கொண்ட கட்டில் எஞ்சியிருப்பவை 47. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமும் 9.5 செ.மீ. அகலமும் உடையது.

இக்கட்டில் கிண்ணம், நாணயம், வாள், குதிரைப் பந்தாட்டக் கோல் என நான்கு இனங்கள் உண்டு. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. சுல்தானுக்குப் பானம் வழங்கும் ஸாகீ, ஆயுதம் தாங்கும் ஸிலாஹ்தார், பந்தாட்டக் கோல்களைக் காக்கும் ஜூகான்தார் ஆகியோர் அரசவைப் பதவியாளர்கள். கிண்ணமும் வாளும் கோலும் மம்லூக் அமீர்களின் பதவிச் சின்னங்களாகவும் விளங்கின. இனங்களின் பெயர்களோ ஒரு மொழிச் சந்தை. வாள்களைக் குறிக்கும் ‘ஸுயூஃப்’ அரபு, ‘தராஹிம்’ கிரேக்கத் ‘திரக்மா’வின் வழித்தோன்றல், கோலைக் குறிக்கும் ‘ஜவ்கான்’ பாரசீகம். கிண்ண இனத்துக்கு எழுதப்பட்டுள்ள ‘தூமான்’ என்பதோ பத்தாயிரம் எனப் பொருள்படும் துருக்கியச் சொல்.

ஒவ்வோர் இனத்திலும் பத்து எண் சீட்டுகளுக்கு மேல் மலிக் (அரசர்), நாயிப் (துணைவர்), இரண்டாம் நாயிப் என மூன்று பதவிச் சீட்டுகள் உள்ளன. ஓவியன் இங்கே அரசனின் முகத்தைத் தீட்டவில்லை. மனித உருவத்தைத் தவிர்த்துக்கொண்டு அரசனையும் துணைவனையும் எவ்வாறு வேறுபடுத்துவது? எழுத்தைக் கொண்டே வேறுபடுத்தினான். சீட்டின் அடியில் நீலப் பட்டை. அதில் பதவியும் இனமும் பெயராகப் பொறிக்கப்பட்டன. மேற்பட்டையில் செல்வத்தையும் மகிழ்ச்சியையும் பற்றிய சிறு வாசகங்கள் இடம்பெற்றன. நடுவெளியைக் கொடிகளும் மலர்களும் பொன்வண்ணமும் நிறைத்தன. உருவம் இல்லாமை குறையாகாமல், எழுத்தணியின் பெருக்கத்துக்கு வழிவகுத்தது.

நம் ஊர்களில் ‘நாயிப் காஜி’ என வழங்குகிறோமே, அதே சொல்தான் இந்த நாயிப். இத்தாலிய நகரான விதெர்போவின் வரலாற்றுக் குறிப்பு, 1379இல் அங்கு வந்த இவ்விளையாட்டு அரபு நாட்டாரிடமிருந்து வந்தது என்றும், அவர்கள் அதை ‘நாயிப்’ என அழைப்பர் என்றும் பதிவு செய்கிறது. ஸ்பானிய மொழியில் சீட்டுக்கு இன்றும் ‘நைப்பே’ என்றே பெயர். குதிரைப் பந்தாட்டம் அறியாத ஐரோப்பியர் அக்கோலைத் தடியாக மாற்றினர். ஆங்கிலத்தார் ‘ஸ்பேட்’ என்பது, வாளைக் குறிக்கும் தென்னைரோப்பியச் சொல்லின் எச்சமே. மம்லூக் வாள் இலை வடிவுக்குள் மறைந்துவிட்டது. பெயரில் மட்டும் வாழ்கிறது.

முஸ்லிம் உலகின் மற்றொரு புறத்தில் வேறொரு பாணி மலர்ந்தது. பாபர் 1527இல் சிந்துவின் ஷாஹ் ஹஸனுக்கு ‘கஞ்சீஃபா’ச் சீட்டுகளை அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். இந்தியக் கஞ்சீஃபா பெரும்பாலும் வட்ட வடிவினது. எட்டு இனங்கள், 96 சீட்டுகள். இங்கே அரசரும் அமைச்சரும் உருவமாகவே தீட்டப்பட்டனர். செல்வந்தர்க்கு யானைத் தந்தத்திலும் எளியோர்க்குத் துணியை ஒட்டிச் செய்த அட்டையிலும் இவை உருவாயின. விஷ்ணுவின் பத்து அவதாரங்களைத் தாங்கிய 120 சீட்டுக் கட்டும் இம்மரபில் பிறந்தது. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் அக்கைவினை இன்றும் தொடர்கிறது.

சூதாட்டக் கருவியைப் போற்றலாமா என நம் வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. திருக்குர்ஆன் அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தில் மைஸிரை மதுவோடு சேர்த்து விலக்கியுள்ளது. பணயம் வைத்து ஆடுவதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. பணயமற்ற ஆட்டங்களிலும், சிந்தனையைச் சார்ந்தவற்றையும் தற்செயலைச் சார்ந்தவற்றையும் ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் பிரித்தே ஆராய்ந்தனர். அவ்விலக்கை நாம் சிறிதும் தளர்த்த முற்படவில்லை. ஆனால் ஆடுவது வேறு, அறிவது வேறு. மதுக்கிண்ணத்தில் பொறித்த எழுத்தையும் தொல்லியலார் படிக்கின்றனர். அதனால் அவர்கள் மதுவை ஆதரித்தவர் ஆகார்.

விலக்கப்பட்டதன் மீதுள்ள வெறுப்பால், நம் முன்னோர் எழுதிய எழுத்தைப் படிக்கும் பணியையும் பிறரிடம் விட்டுவிட்டோமோ என்பதே நமது கவலை. அந்த நீலப் பட்டைகளில் இருப்பது நம் கல்லூரி மாணவர் நாள்தோறும் பயிலும் அரபு. அதைப் படிக்க வல்லவர் அவர்களே. விளையாட்டை விட்டொழிப்போம், வரலாற்றை விட்டுவிட வேண்டாம்.