கைக்கு உட்காராத கியூ: அளவுச் சீட்டும் நுகர்வோர் உரிமையும்

அளவு சொல்லிச் செய்யக் கொடுத்த பூல் கியூ (மேசைப் பந்தை அடிக்கும் கோல்) கைக்கு வந்ததும் பலர் முதலில் சொல்வது நீளத்தைப் பற்றியோ எடையைப் பற்றியோ அல்ல. "பிடி உட்காரலை" என்பார்கள். செய்தவரோ, "எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் சார், ரெண்டு வாரம் ஆடுங்க, பழகிடும்" என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம், ஏனென்றால் இருவருக்கும் நடுவில் எழுதி வைத்த எண் எதுவும் கிடையாது. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில் உட்கார்ந்தபடி வெளியூர்க் கைவினைஞரிடம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டு, முன்பணத்தை யுபிஐயில் அனுப்பியவருக்கு இந்தக் குறை பெரிய இழப்பில் போய் முடியும். "கைக்கு ஒத்துவரவில்லை" என்பதை மட்டும் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் வெல்வது கடினம். "29 மில்லிமீட்டர் கேட்டேன், 31 வந்திருக்கிறது" என்று சீட்டோடு போய் நின்றால் கதையே வேறு.

பிடியின் தடிமனுக்கு ஆட்ட விதிகளில் எண் இல்லை. ஸ்னூக்கர் விதி கியூ 3 அடிக்குக் குறையக்கூடாது, வழக்கமான வடிவிலிருந்து பெரிதாக விலகக்கூடாது என்பதோடு நிற்கிறது. பூலின் உலக அமைப்பு நீளம் குறைந்தது 40 அங்குலம், எடை அதிகபட்சம் 25 அவுன்ஸ், டிப் (பந்தைத் தொடும் நுனி) அகலம் 14 மி.மீ.க்குள் என்கிறது. கைப்பிடிப் பகுதி எவ்வளவு பருமன் இருக்கலாம் என்பது ஆடுபவர் விருப்பம். ஆகவே இது ஆர்டரில் எழுதினால் ஒழிய எங்கும் எழுதப்படாத அளவு.

கியூ ஒரே பருமனான உருளை அன்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு துண்டு பூல் கியூவில் நடு ஜாயின்ட்டில் ஏறத்தாழ 21 மி.மீ.யில் தொடங்கும் அடிப்பாகம், அதாவது பட், கடைசி முனையில் 32 மி.மீ. வரை பருக்கும். ஸ்னூக்கர் கியூவின் பட் முனை பெரும்பாலும் 29 மி.மீ.யை ஒட்டி இருக்கும். பூல் கியூவில் 10 செ.மீ. பின்னால் தள்ளிப் பிடித்தால் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. கூடுதல் பருமன் கையில் சேர்ந்துவிடுகிறது. உயரமானவர் பின்னால் பிடிப்பார், குட்டையானவர் முன்னால் பிடிப்பார். அதனால் "31 மி.மீ. பட்" என்று மட்டும் எழுதுவது அரைகுறை அளவு. குனிந்து, டிப் வெள்ளைப் பந்தைத் தொடும் நிலையில் முழங்கைக்குக் கீழ் கை செங்குத்தாகத் தொங்க வேண்டும். அப்போது கை விழும் இடம் பட் முனையிலிருந்து எத்தனை செ.மீ., அந்த இடத்தில் தடிமன் எத்தனை மி.மீ. என்று இரண்டு எண்ணும் வேண்டும்.

மெல்லிய பிடியில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடிக்கும்போது மணிக்கட்டு திரும்ப இடம் கிடைக்கிறது என்று பழகியவர்கள் சொல்வார்கள். பருத்த பிடி மணிக்கட்டை அடக்கும், ஆனால் சின்னக் கைக்கு இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும். இறுக்கிப் பிடித்தே மணிக்கணக்கில் ஆடினால் முன்னங்கை தசை சோர்ந்து வலிக்கும். வலி வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போவதுதான் வழி. கியூ மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

தடிமனைக் கூட்டினால் எடையும் சமநிலைப் புள்ளியும் கூடவே நகரும். 30 செ.மீ. நீளத்துக்கு, 29 மி.மீ. பருமனை 30 ஆக்கினால் கூடும் மரம் ஏறத்தாழ 14 கன செ.மீ. கருங்காலி போன்ற கனமான மரமானால் அது 15 கிராம் வரும், அரை அவுன்ஸுக்கு மேல். "பிடியை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கிக் கொடுங்க" என்று கேட்டவர் பிறகு "எடை கூடிடுச்சு" என்று சண்டை போட்டால் அது செய்தவர் குற்றமாகாது. இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லாமல் விட்ட கைவினைஞர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு.

பிடியின் மேற்பரப்பு வேறு விஷயம். நூல் சுற்று வியர்வையை உறிஞ்சும், நாளடைவில் அழுக்கேறி நார் எழும்பும். தோல் சுற்று பிடிமானம் தரும், ஈரம் மிகுந்தால் பிசுக்கென்று ஒட்டும். சுற்றே இல்லாமல் பளபளவென்று லாக்கர் பூசிய மரம் கண்ணுக்கு அழகு, ஈரக் கைக்கு வழுக்கலும் ஒட்டலும் மாறி மாறி வரும். அரியாங்குப்பத்து ஆற்று முகத்துவாரமும் மீன்பிடித் துறைமுகமும் பக்கத்திலேயே இருக்கும் தேங்காய்த்திட்டில் காற்றில் ஈரம் நிரந்தரக் குடியிருப்பு. குளிர்சாதன அறையில் ஆடிவிட்டு வெளியே வந்தால் மரம் ஈரத்தை இழுக்கும், மறுபடி உள்ளே போனால் விடும். என் கணிப்பில் இங்கே ஆடுபவருக்கு எண்ணெய் பூச்சோடு மங்கலாக விட்ட மரமோ, நூல் சுற்றோ போதும். தோல் கேட்பவர் அதன் பராமரிப்பையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். பிற்பாடு சுற்றை மாற்றலாம் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நூலுக்கென்று வெட்டிய பள்ளம் தோலின் கனத்துக்குப் பொருந்தாது. மாற்றினால் தடிமனும் மாறும், பள்ளத்தையும் ஆழமாக்க வேண்டிவரும்.

எது தன் கைக்குச் சரி என்று தெரியாதவர் ஆர்டர் கொடுக்கும் முன் சொற்பக் காசில் சோதித்துவிடலாம். கிளப்பில் இருக்கும் கியூவின் பிடியில் பேட்மிண்டன் ராக்கெட்டுக்குச் சுற்றும் டேப்பை ஒரு சுற்று, அது போதாவிட்டால் இன்னொரு சுற்று சுற்றி ஆடிப் பார்த்து, பிடித்த நிலையில் அளந்துகொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பர் எந்த லேத் பட்டறையிலும் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் நூலைச் சுற்றி நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுத்தால் தடிமன் வந்துவிடும். 91 மி.மீ. நூல் என்றால் 29 மி.மீ. கியூ, 97 என்றால் 31.

இந்த எண்கள் ஆர்டர் சீட்டில் ஏற வேண்டும். தையற்காரர் அளவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதுவதுபோல, கியூ செய்பவரும் எழுதட்டும்: பிடிக்கும் இடம், அங்கே தடிமன், பட் முனைத் தடிமன், ஏற்றுக்கொள்ளக்கூடிய ஏற்ற இறக்கம் (அரை மி.மீ. என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம்), மொத்த எடை, சுற்றின் பொருள், மரத்தின் பெயர், ஒப்படைக்கும் நாள், முன்பணம், பாக்கி. தாள்தான் வேண்டும் என்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய பட்டியலுக்கு அவர் "ஓகே" என்று பதில் போட்டிருந்தால் அதுவும் ஆதாரம். குரல் பதிவைவிட எழுத்து மேல். மாதிரிக் கியூவைக் காட்டி "இதே மாதிரி" என்று சொல்வதானால் அந்த மாதிரியையும் அளந்து படமெடுத்து வையுங்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விவரித்துச் சொன்ன பொருள் விவரிப்புக்கும், மாதிரி காட்டி விற்ற பொருள் மாதிரிக்கும் பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது. என்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. புதுச்சேரிக்கு இந்தச் சட்டம் 1968இல்தான் நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன்பு இங்கே செல்லுபடியான பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பும் மறைந்த குறைக்கு விற்றவரையே பொறுப்பாக்கியது. ஆக, எந்தக் கொடியின் கீழும் விற்றவர் எளிதாகக் கைகழுவிவிட முடிந்ததில்லை.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றே அளந்து பாருங்கள். அளவு மாறியிருந்தால் முதலில் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு: உள்ளூர்த் தச்சரிடமோ லேத்துக்காரரிடமோ கொடுத்துச் சீவிவிடுவது. சீவிய மறுநொடி உங்கள் ஆதாரம் மரத்தூளாகப் போய்விடும். செய்தவர் "நான் அனுப்பியது சரியாகத்தான் இருந்தது" என்று சொல்ல வழியும் திறந்துவிடும். அளந்தவரிடம் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டு வாங்கி, படங்களோடு செய்தவருக்கு எழுத்தில் அனுப்பி, மாற்றித் தரவோ சரிசெய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேளுங்கள்.

"ஆர்டர் பொருள், திருப்ப முடியாது" என்பது வழக்கமாக வரும் பதில். அதில் பாதி நியாயம். ஒப்புக்கொண்டபடி செய்து கொடுத்த கியூவை மனம் மாறித் திருப்ப உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் ஒப்புக்கொண்டதற்கு மாறாகச் செய்திருந்தால் அந்த வாசகம் அவரைக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தரத்திலோ அளவிலோ ஒப்பந்தத்திலிருந்து விலகினால் அது குறைபாடு. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தராமலிருப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் விற்பதும் அப்படியே. சாயமேற்றிய சாதாரண மரத்தைக் கருங்காலி என்று சொல்லி விற்பது பொய்யான விவரிப்பு. மரம் எதுவென்று தீர்மானிக்க பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் சோதிக்கலாம். இணையத் தளங்களில் விற்பவர்களுக்கு 2020 மின்வணிக விதிகள் இன்னும் தெளிவு: ஒப்புக்கொண்ட தன்மைகள் இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொழுதுபோக்காக ஆடுகிற ஒருவர் தன் பழைய கியூவை விற்றால் இந்த விதிகள் அவரைத் தொடாது. பழையதை நேரில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பேசி முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பல புகார்கள் அங்கேயே சமரசமாகிவிடும். ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் சென்னையிலோ லூதியானாவிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடமான புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், காணொளி விசாரணையும் கேட்கலாம். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், ஆணையம் நினைத்தால் இன்னும் 15 நாள். முடிவு 3 மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் வர வேண்டும் என்பது சட்டம். நடப்பில் இழுக்கும், அதற்குத் தயாராகவே இருங்கள். தடிமன் வழக்குக்கு ஆய்வகம் தேவைப்படாது, காலிப்பர் போதும். பெண்கள், பட்டியலினத்தவர், தொழிலாளர், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் 15100ஐ அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் அது நுகர்வோர் வழக்கைவிடக் குற்ற வழக்கு: அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினமாகும்.

வெளிநாட்டில் இருந்து வரவழைப்பவர்களுக்குத் தீர்ப்புக் கிடைத்தாலும் அதை நிறைவேற்றச் செய்வது நடைமுறையில் சிரமம். அதைவிடப் பெரிய ஆபத்து பழைய கியூக்களில் இருக்கிறது. முன்பு ஜாயின்ட்டிலும் டிப் அடிவளையத்திலும் யானைத் தந்தம் வைப்பது வழக்கம், உடும்புத் தோலைப் பிடியில் சுற்றியவையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் தந்த வணிகம் குற்றம், உடும்பும் பாதுகாக்கப்பட்ட உயிரினம். "ஆன்டிக்" என்று சொல்லி விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம். அங்கே நீங்கள் ஏமாந்த நுகர்வோராகப் பார்க்கப்பட மாட்டீர்கள், குற்றத்தில் பங்கெடுத்தவராகத்தான் பார்க்கப்படுவீர்கள்.

பூல் மேசை போட்டு மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் கடைக்காரர் பத்துக் கியூ மொத்தமாகச் செய்யச் சொன்னால் அவர் "நுகர்வோர்" தானா என்று எதிர்த்தரப்பு கேட்கும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் நுகர்வோர் வரையறையிலிருந்து விலக்குகிறது. தானே நின்று நடத்தி, பிழைப்புக்காக மட்டும் செய்யும் சுயதொழிலானால் அந்த விலக்கு பொருந்தாது. ஆட்கள் வைத்து இரண்டு மூன்று கிளை நடத்துபவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஆகவே கடைக்காரர் தன் உரிமச் சான்றையும் வருமானக் கணக்கையும் புகாரோடு இணைத்து, தானே நடத்துகிற கடை என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.