எச்சில் வாளி எங்கே போகும்?

உதியன்குளங்கரையில் ஒரு வீடு. பச்சைக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் ஹரித கர்ம சேனையைச் சேர்ந்தவர்கள். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைச் சேகரித்துப் போகிறார்கள்.

வீட்டுப் பெரியம்மா ஒரு சாக்கைக் கொடுக்கிறார். கழுவிக் காயவைத்த பால் கவர்கள் அதில் இருக்கின்றன. கூடவே இன்னொரு பையையும் நீட்டுகிறார். அதில் நேற்றைய சோறு, மீன் முள், மரச்சீனித் தோல்.

“இதையும் எடுத்துட்டுப் போங்க மக்களே.”

“இது எடுக்க மாட்டோம் மாமி. இதை இங்கேயே மக்க வைக்கணும்.”

பெரியம்மாவுக்குக் கோபம் வருகிறது. நாறாத பொருளை எடுக்கிறார்கள். நாறுகிற பொருளை விட்டுப் போகிறார்கள். இதற்கா 50 ரூபாய்?

கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை விளப்பில்சாலையில் இருக்கிறது.

விளப்பில்சாலை, திருவனந்தபுரம் நகரத்துக்கு அருகில் உள்ள கிராமம். 2000-ஆம் ஆண்டில் அங்கே குப்பையை உரமாக்கும் ஆலை ஒன்று வந்தது. நகரத்துக் குப்பை எல்லாம் லாரியில் ஏறி அங்கே போயிற்று. குப்பை உரமானால் நல்லதுதானே? ஆனால் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. சோறும் மீனும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கலந்து வந்தன. குப்பை மலைபோல் குவிந்தது.

ஈரமான சோறு குவிந்து கிடந்தால் உள்ளே காற்றுப் போகாது. காற்று இல்லாத இடத்தில் அது மக்காது, அழுகும். அழுகினால் நாறும், கறுப்புத் தண்ணீர் வடியும். அந்தத் தண்ணீர் மீனம்பள்ளித் தோட்டில் இறங்கியது. அந்தத் தோடு கரமனை ஆற்றில் போய்ச் சேர்கிறது. நகரம் தின்று மிஞ்சியதற்கு ஒரு கிராமம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ வேண்டி வந்தது.

மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே ஆலையைப் பூட்டியது. 2012 பிப்ரவரியில் போலீஸ் காவலோடு லாரி வந்தது. ஆண்களும் பெண்களும் சாலையில் இறங்கி மறித்தார்கள். லாரி திரும்பிப் போயிற்று.

நகரத்து வீடுகளில் சோறு மிஞ்சுவது நின்றுவிடவில்லை. வீட்டிலேயே மக்க வைக்கக் குழாயும் வாளியும் மாநகராட்சி கொடுத்தது. பலர் செய்தார்கள். சிலர் பையில் கட்டி இரவோடு இரவாக ஓடையில் எறிந்தார்கள்.

இப்படிக் குப்பை அடைத்த ஓடைகளில் ஒன்று ஆமையிழஞ்சான் தோடு. அது நகரத்து ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிறது. 2024 ஜூலை 13 அன்று குப்பையை அகற்ற ஒரு தொழிலாளி அதில் இறங்கினார். அவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர். மழை பெய்து தண்ணீர் பெருகியது. அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. பையை எறிந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. இறங்கியவர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்.

பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாட்டு எல்லை. ஹோட்டல் எச்சிலும் மீன் கழிவும் ஏற்றிய லாரிகள் அங்கே பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பன்றிப் பண்ணைக்குப் போகிறது என்பார்கள். இங்கே நாறுவது எல்லை தாண்டினால் மணக்குமா?

அப்படியானால் எச்சிலைச் சேகரிக்கவே கூடாதா? அப்படி இல்லை. தென் கொரியாவில் வீடு வீடாகச் சேகரிக்கிறார்கள். அதைக் குழியில் கொட்ட 2005-இல் அங்கே தடை வந்தது. 2013 முதல் எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவுக்குக் கட்டணம். சேர்ந்தது தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது. எச்சிலைத் தனியாகப் பிரித்துப் போடுவதால்தான் இது முடிகிறது.

கேரளத்திலும் ஒரு வழி உண்டு. நிலமே இல்லாத வீடுகளுக்கும் சந்தைகளுக்கும் அது ஏற்றது. அதன் பெயர் தும்பூர்முழி முறை. திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் உள்ள மாட்டுப் பண்ணையில் அதைக் கண்டுபிடித்தார்கள். நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்தில் ஒரு பெட்டி. நாலு பக்கமும் காற்றுப் புக இடைவெளி இருக்கும். சாணம், காய்ந்த சருகு, கழிவு என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். உள்ளே கைவைக்க முடியாத அளவு சூடு ஏறும். சுமார் 90 நாளில் உரம் கிடைக்கும்.

ஐந்து சென்ட் நிலம் இருந்தால் இவ்வளவு வேண்டாம். முன்பு காடித் தண்ணீர் பசுவுக்குப் போனது. மிஞ்சியது தென்னை மூட்டுக்குப் போனது. இன்று பல வீடுகளில் பசு இல்லை. தென்னையும் ஒன்றோ இரண்டோதான். அதனால் இரண்டு குழாய் போதும்.

குழாய் 8 அங்குல அகலமும் நாலடிக்குச் சற்று அதிக நீளமும் இருக்க வேண்டும். ஓர் அடியை மண்ணில் குழித்து நிறுத்த வேண்டும். மேலே மூடி வேண்டும். முதல் குழாயில் தினமும் எச்சிலைப் போடுங்கள். தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். இதுதான் முக்கியம். குழம்பையும் கஞ்சித் தண்ணீரையும் அப்படியே ஊற்றினால் குழாய்க்குள் ஒரு சின்ன விளப்பில்சாலை உண்டாகிவிடும். இடையிடையே கொஞ்சம் சாணத் தண்ணீரோ புளித்த மோரோ தெளிக்கலாம்.

ஒரு குழாய் நிறைந்தால் அதை மூடிவிட்டு அடுத்ததில் போடத் தொடங்குங்கள். இரண்டாவது நிறைவதற்குள் முதல் குழாயில் உள்ளது மக்கியிருக்கும். குழாயைத் தூக்கினால் கறுத்த மண் போல உரம் கீழே விழும். புதுமழை மண் மணம் வந்தால் பக்குவம் சரி. வாழை மூட்டிலும் சேனைக் குழியிலும் போடலாம்.

மாடி வீட்டுக்குக் குழாய் சரிப்படாது. அங்கே அடுக்கு வாளி வைக்கலாம். எச்சில் ஒரு அடுக்கு, அதன்மேல் நுண்ணுயிர் சேர்த்த தேங்காய் நார்த்தூள் ஒரு அடுக்கு. நார்த்தூள் ஈரத்தைக் குடிக்கும், காற்றுக்கும் வழிவிடும்.

பெண்கள் பலர் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம் புழு. மூடியைத் திறந்தால் வெள்ளையாக நெளியும். பார்க்க அருவருப்புதான். மருந்து அடிக்க வேண்டாம். மருந்து அடித்தால் மக்க வைக்கும் கிருமிகளும் செத்துப்போகும். புழுவும் எச்சிலைத் தின்று குறைக்கத்தான் செய்கிறது. மிகவும் பெருகினால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். இரண்டு கை காய்ந்த சருகைப் போட்டு மூடிவையுங்கள். வீட்டில் கோழி இருந்தால் புழுவை எடுத்து வெளியே போடுங்கள். மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும்.