மலைக்கு ஏறுமுன் அலகைக் கணக்கிடுங்கள்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் எமது வர்த்தகக் குடும்பங்கள் பல நுவரெலியாவுக்குப் புறப்பட ஆயத்தமாகிவிடும். புத்தாண்டு வியாபாரம் முடிந்து, கடையைப் பூட்டி, கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு மூன்று நாள் குளிரில் கழித்து வருவது பல வீடுகளில் வருடாந்த வழக்கம். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய வசந்த காலக் கொண்டாட்டம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவிக் கரை என்று அந்த மாதம் முழுவதும் நகரம் நிரம்பி வழியும்.

இப்போது இந்தப் பயணத்தில் புதிய கேள்வி ஒன்று சேர்ந்துள்ளது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்ட பின், எம்மவர் பலர் மின்சாரக் கார் வாங்கியுள்ளனர். 2014, 2015 காலத்தில் வந்த நிசான் லீஃப் கார்களும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றவர்களுக்கு இந்த மோகம் ஏற்பட்டது நியாயமே. ஆனால் கொழும்புக்குள் கடைக்கும் வீட்டுக்கும் ஓடும் காரை மலைக்கு எடுத்துச் செல்லலாமா? பாதி வழியில் நின்றுவிட்டால் குடும்பத்தோடு என்ன செய்வது? இதற்கு விடை விற்பனையாளரின் வாயில் இல்லை. ஒரு கடதாசியும் பேனையும் எடுத்து நாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

விற்பவர் சொல்லும் கிலோமீற்றர்

கார் விற்பவர் "ஒரு சார்ஜில் 420 கிலோமீற்றர்" என்பார். அது பொய்யல்ல. 60 அலகு பற்றரி கொண்ட பி.வை.டி. அற்றோ 3 காருக்கு ஐரோப்பியச் சோதனை முறைப்படி கிடைத்த அளவு அதுதான். ஆனால் அந்தச் சோதனை ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட வைத்து எடுக்கப்படுவது. அங்கே கடுகண்ணாவை ஏற்றமும் இல்லை, றம்பொடை வளைவும் இல்லை.

எனவே கிலோமீற்றரை ஒருபுறம் வைத்துவிட்டு அலகில் யோசியுங்கள். அலகு என்பது எமது மின்சாரப் பட்டியலில் வரும் அதே அலகுதான், அதாவது ஒரு கிலோவொட் மணித்தியாலம். பற்றரி என்பது களஞ்சியம், அலகு என்பது கையிருப்பு. இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, மிகுதி எவ்வளவு என்பதே கேள்வி.

மலைப் பயணத்தில் செலவு இரண்டு வகைப்படும். ஒன்று தூரத்துக்கான செலவு. எமது வீதிகளில், குளிரூட்டியும் போட்டு, ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும்போது ஓர் அலகுக்கு 6 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் அது பாதுகாப்பான கணக்கு. நல்ல ஓட்டுநருக்கு 7 கிடைக்கலாம். ஆனால் திட்டத்தில் 6 என்றே எழுதுங்கள்.

மற்றது உயரத்துக்கான செலவு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு தொன் எடையை ஆயிரம் மீற்றர் உயர்த்த 2.7 அலகு சக்தி வேண்டும். மோட்டாரிலும் சில்லிலும் வீணாவதையும் சேர்த்து 3 அலகு என்று வைத்துக்கொள்ளலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டி சுமார் 500 மீற்றர். ஆகவே மொத்த ஏற்றத்தில் கால்பங்கு மட்டுமே கண்டிக்கு முன்னால் வருகிறது. முக்கால் பங்கு கண்டிக்குப் பின்னால் இருக்கிறது.

மூன்று கார்கள், மூன்று கணக்குகள்

கண்டி வழியாகக் கொழும்பிலிருந்து நுவரெலியா சுமார் 190 கிலோமீற்றர். இதில் கண்டி வரை 115, அதன் பின் கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறத்தாழ 77.

முதலாவது, 60 அலகு பற்றரி உள்ள கார். ஆட்களும் பொதிகளும் சேர்ந்து 2.1 தொன் என்று வைப்போம். தூரத்துக்கு 32 அலகு, உயரத்துக்கு 12 அலகு, மொத்தம் 44. முழுதாக நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் நுவரெலியாவில் 16 அலகு மிகுதி. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 அலகு, எப்போதும் கைவைக்காத இருப்பாக இருக்க வேண்டும் என்பது எனது விதி. இந்தக் கார் அந்த விதிக்குள் நிற்கிறது.

இரண்டாவது, 45 அலகு உள்ள சிறிய கார். எடை 1.7 தொன். தூரத்துக்கு 32, உயரத்துக்கு 9.5, மொத்தம் 41.5. மிகுதி 3.5 அலகு மட்டுமே. கடதாசியில் போய்ச் சேரலாம், ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எவரும் அப்படிப் போகக் கூடாது. கண்டிக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 23 அலகு இருக்கும். அங்கிருந்து மேலே ஏற 20 அலகு வேண்டும், இருப்பாக 9 வேண்டும். எனவே கண்டியில் 30 அலகுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். வேகமான சார்ஜரில் 20 நிமிடம் போதும். மாவனல்லையிலோ கண்டியிலோ ஒரு தேநீர் குடித்து, தொழுதுவிட்டு வரும் நேரம்தான்.

மூன்றாவது, பத்து வருடத்துக்கு மேல் ஓடிய 24 அலகு லீஃப். புதிதாக இருந்தபோதே அதில் பாவிக்கக் கிடைத்தது சுமார் 21 அலகு. பற்றரியின் ஆரோக்கியம் 70 வீதமாகக் குறைந்திருந்தால் இன்று கையில் 15 அலகு மட்டுமே. கண்டியிலிருந்து மேலே ஏறுவதற்கு மட்டும் இந்தக் காருக்கு 20 அலகு வேண்டும். இந்தக் காரை வீட்டில் விட்டுவிட்டு வான் ஒன்றை வாடகைக்கு எடுப்பதே புத்தி. அது குறைந்த கார் என்பதற்காகச் சொல்லவில்லை. கொழும்புக்குள் இன்னும் பல வருடம் உழைக்கும். அதன் வேலை வேறு.

அவிசாவளை, கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை வழியாகச் செல்வோருக்குத் தூரம் சுமார் 170 கிலோமீற்றராகக் குறையும். 3 அலகு மிச்சம். உயரத்தின் செலவு எந்த வழியில் போனாலும் அதேதான். நீர்கொழும்பு, காலி, களுத்துறை என்று வேறு ஊர்களிலிருந்து புறப்படுவோர் தத்தமது தூரத்தை 6 ஆல் வகுத்து, அதே உயரச் செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது திரும்பி வரும் பங்கு

மின்சாரக் காரின் சிறப்பு இறக்கத்தில் தெரியும். காலை எடுத்தால் மோட்டாரே பிரேக்காக மாறி, மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். இதனால் இறங்கும்போது கார் தானே நிரம்பிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது மிகையான நம்பிக்கை. ஏறும்போது கொடுத்ததில் ஒரு பங்கு காரை ஓட்டுவதற்கே போய்விடும், ஒரு பங்கு வீணாகும். செங்குத்தான றம்பொடை இறக்கத்தில் மானி ஏறுவதைக் காண்பீர்கள். ஆனால் கண்டி வந்து சேரும்போது மொத்தத்தில் 6 அல்லது 7 அலகு செலவாகியிருக்கும். தட்டையான வீதியில் 13 போயிருக்கும் தூரத்துக்கு 7 என்றால் அதுவே நல்ல இலாபம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நுவரெலியாவில் பற்றரியை 100 வீதம் நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய களஞ்சியத்தில் மேலும் மூட்டை வைக்க முடியாது. பற்றரி நிரம்பியிருந்தால் மோட்டார் பிரேக் பிடிக்காது, முழுப் பாரமும் சாதாரண பிரேக்கில் விழும். நீண்ட இறக்கத்தில் அது சூடேறித் தளர்ந்துபோகும் ஆபத்து உண்டு. 85 அல்லது 90 வீதத்தோடு நிறுத்துங்கள். கியரில் 'பி' நிலை இருந்தால் அதில் போட்டு இறங்குங்கள்.

தங்குமிடத்தில் கேட்க வேண்டியவை

அறை பதியும்போதே சார்ஜ் வசதியைப் பற்றிப் பேசிவிடுங்கள். தனிச் சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாதாரண 13 அம்பியர் பிளக்கில் மணிக்கு 2 அலகு ஏறும். இரவு பத்து மணிக்குப் போட்டால் காலை ஆறு மணிக்கு 16 அலகு. இரண்டு இரவு தங்கினால் 32. முதலாவது காரில் வரும்போது மிகுந்த 16 உடன் சேர்த்து 48. கொழும்பு திரும்பச் சுமார் 24 அலகே தேவை என்பதால் இது தாராளம்.

ஆனால் நுவரெலியாவின் பழைய பங்களாக்கள் பலவற்றில் வயரிங்கும் பழையது. உருண்டைக் குழாய் பிளக்கில் மாற்றி இணைப்பதும், நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரை மழையில் இழுப்பதும் தீயை விலைக்கு வாங்குவது போன்றது. காரை நிறுத்தும் இடத்துக்கு அருகே நல்ல பிளக் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கட்டணத்தையும் பேசி முடியுங்கள். ஹோட்டல்காரருக்கு மின்சாரம் இலவசமாக வருவதில்லை. அலகுக்கு இவ்வளவு என்று நேர்மையாகக் கொடுத்துவிட்டால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லை.

ஏப்ரலில் வீடு வாடகைக்கு விடும் எமது சகோதரர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. தனி வயரில் ஒரு பிளக்கும், அதற்கொரு சிறு மீற்றரும் பொருத்துவது பெரிய முதலீடல்ல. அடுத்த வருடம் அறை தேடுவோர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

சார்ஜரின் வாய் எல்லாக் கார்களுக்கும் ஒன்றல்ல. ஜப்பான் லீஃப் வேகச் சார்ஜுக்குச் சடேமோ கேட்கும். புதிய கார்கள் பலவற்றில் சி.சி.எஸ். 2 இருக்கும். சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட கார்களின் முறை வேறு. வழியில் உள்ள நிலையத்துக்கு முதல்நாளே தொலைபேசி எடுத்து, உங்கள் வாய் உண்டா, இயந்திரம் வேலை செய்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஏப்ரல் கூட்டத்தில் முன்னால் இரண்டு கார் நின்றால் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். எனவே இரண்டாவது நிலையம் ஒன்றையும் குறித்து வையுங்கள். 80 வீதத்துக்கு மேல் சார்ஜ் மெதுவாகும். அதற்கு மேல் காத்திருப்பது நேர விரயம்.

பல மின்சாரக் கார்களில் மேலதிக டயர் கிடையாது, ஒட்டும் மருந்துப் பெட்டி மட்டுமே இருக்கும். உள்ளே இருக்கும் சிறிய 12 வோல்ட் பற்றரி பழுதானால் பெரிய பற்றரி நிறைந்திருந்தும் கார் உயிர்பெறாது. அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். நின்றுவிட்ட காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, மோட்டார் பழுதாகும். தட்டு லொறியில் ஏற்றியே கொண்டுவர வேண்டும். அத்தகைய லொறிக்காரர் ஒருவரின் இலக்கம் கையில் இருக்கட்டும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலையகத்தில் காலை வெளிச்சமாக இருந்து, பிற்பகலில் இடி மழை பெய்வது வழக்கம். விடியற்காலையில் புறப்பட்டால் மழைக்கும் நெரிசலுக்கும் முன்னே மேலே சேர்ந்துவிடலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் மலைப் பாதைகள் எத்தனை இடங்களில் சரிந்தன என்பதை எவரும் மறந்திருக்க முடியாது. பாதை திறந்திருக்கிறதா, மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று அன்று காலையே விசாரியுங்கள். சுற்றுப்பாதையில் போக நேர்ந்தால் ஒவ்வொரு 6 கிலோமீற்றருக்கும் ஓர் அலகு. அதற்காகத்தான் அந்த ஐந்தில் ஒரு பங்கு இருப்பு.

செலவும் வரவும்

போய்வர 60 அலகு காருக்கு 44 உடன் 24 சேர்த்து 68 அலகு. சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால் மீற்றரில் 75 அலகு ஓடும். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் போகும் பெற்றோல் காருக்கு 38 லீற்றர் வேண்டும். அன்றைய பெற்றோல் விலையையும் உங்கள் அலகு விலையையும் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். வீட்டு மீற்றரில் அலகு கூடக்கூடக் கட்டணமும் உயரும், வழியில் உள்ள வேகச் சார்ஜரில் விலை வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

இறுதியாக, இன்னும் கார் வாங்காமல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடத்தில் மூன்று நாள் மலைக்குப் போவதற்காகப் பெரிய பற்றரிக்கு இலட்சக்கணக்கில் மேலதிகப் பணம் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். மீதி 362 நாளும் நீங்கள் ஓடுவது கடைக்கும் வீட்டுக்கும் வங்கிக்கும் என்றால், சிறிய பற்றரிக் காரே போதும். ஏப்ரலில் கண்டியில் 20 நிமிடம் நின்று போகலாம், அல்லது வான் பிடிக்கலாம். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை மரக்கறிக்கோ தேயிலைக்கோ மலையேறும் வியாபாரிக்குக் கணக்கு வேறு. அவருக்குப் பெரிய பற்றரி முதலீடு. மற்றவருக்கு அது முடங்கிக் கிடக்கும் சரக்கு. எந்தச் சரக்கை எவ்வளவு எடுப்பது என்று எமக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை. காரை வாங்கும்போதும் அதே கண்ணோடு பாருங்கள்.