பினாப்தலீனின் பச்சைச் சகோதரன்

பிளஸ் டூ ஆய்வகத்தில் ப்யூரெட்டின் கடைசிச் சொட்டு விழுந்ததும் கரைசலை இளஞ்சிவப்பாக்கும் பினாப்தலீனைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் உடன்பிறப்பான ஃப்ளூரசீனைப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டையும் 1871-இல் தயாரித்தவர் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர்.

செய்முறை எளிது, ஆனால் கண்ணாடி, கையுறை, ஆசிரியர் மூன்றும் அருகில் இருந்தாக வேண்டும். உலர்ந்த சோதனைக்குழாயில் தாலிக் அன்ஹைட்ரைடு ஒரு சிட்டிகை, ரிசார்சினால் இரண்டு சிட்டிகை, அடர் கந்தக அமிலம் ஓரிரு சொட்டு. மெல்லச் சூடாக்கினால் கலவை உருகி, மஞ்சளாகி, கருஞ்சிவப்புக் குழம்பாகும். இதுவா ஒளிரப்போகிறது என்று சந்தேகம் வரும். நன்றாக ஆறியபின் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, அதில் ஒரு சொட்டை பீக்கர் தண்ணீரில் விடுங்கள். பச்சை இழைகள் நெளிந்து நெளிந்து இறங்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தண்ணீர் மஞ்சள். பக்கவாட்டில் பார்த்தால் பளீரென்ற பச்சை!

ஃப்ளூரசீன் நீல ஒளியை விழுங்கி, அந்த ஆற்றலில் கொஞ்சத்தை இழந்து, மீதியைப் பச்சையாக உமிழ்கிறது. பினாப்தலீனுக்கு ஏன் இது வாய்க்கவில்லை? அதன் வளையங்கள் கட்டில்லாமல் சுழல்வதால், வாங்கிய ஆற்றல் வெப்பமாகவே வீணாகிறது. ஃப்ளூரசீனில் இரண்டு வளையங்களை ஓர் ஆக்சிஜன் அணு பாலம்போல் இணைத்து அசையவிடாமல் பிடித்திருக்கிறது. ஒரே ஓர் அணுவால் இத்தனை மாற்றம். கரிம வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

மிகமிக நீர்த்த நிலையிலும் இது கண்ணில் படும். ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் அருகே டான்யூப் ஆற்று நீர் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி மறைகிறது. எங்கே போகிறது என்றறிய 1877-இல் அதில் 10 கிலோ ஃப்ளூரசீன் சாயத்தைக் கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஹ் ஊற்று பச்சையாகப் பொங்கியது. அந்த ஊற்று நீர் சேர்வது ரைன் நதியில். கருங்கடலுக்குப் போக வேண்டிய டான்யூப் நீரில் ஒரு பங்கு வடகடலுக்குப் போய்க்கொண்டிருந்தது அப்படித்தான் உறுதியானது.

கண் மருத்துவர் நம் கண்ணில் இடும் மஞ்சள் சொட்டும் இதே ஃப்ளூரசீன்தான். நீல விளக்கைக் காட்டினால் கருவிழியில் கீறல் விழுந்த இடம் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும்.