ட்யூப் ஆம்ப் மக்கர் பண்ணுதா? புது ட்யூப் செட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் செலவு பத்தி நிறையப் பேசியாச்சு. இன்னைக்குக் கிடார் வாசிக்கிறவங்க ஆசை ஆசையா வாங்கி வெச்சிருக்கிற ட்யூப் ஆம்ப். தாத்தா வீட்டு ரேடியோவுக்குள்ள ஆரஞ்சு நிறத்துல மினுக்குமே, அதே வகை வால்வுதான் இதுலயும்.

ஆம்ப் சரியா வேலை செய்யலைன்னா பலரும் முதல்ல செய்றது முழு ட்யூப் செட் ஆர்டர் போடுறது. ட்யூப் இன்னைக்குப் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவுல இருந்துதான் வருது. ஷிப்பிங், வரி சேர்ந்தா பில் எகிறும். கோளாறு வேற இடத்துல இருந்தா அந்தக் காசு வீண். சில கோளாறுல புது ட்யூபும் சேர்ந்தே எரியும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடறேன். சேஸியைத் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேலகூட தேங்கி நிக்கலாம். உயிரே போயிடும். ரிப்பேர் சார்ஜை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. ஸ்பீக்கரைக் கனெக்ட் பண்ணாமலும் ஆம்பை ஆன் பண்ணக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னா செலவு பெருசு.

சத்தம் வரலையா? வேற கேபிள், வேற கிடார் மாத்திப் பாருங்க. பெடல் எல்லாத்தையும் கழட்டிட்டு நேரா சொருகுங்க. எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிற ஆம்ப்னா, சென்ட்ல இருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன கேபிள் போடுங்க. சத்தம் திரும்பிட்டா ஜாக்ல அழுக்குதான். கரகரன்னு சுத்துற குமிழுக்கும் இதே கதைதான். ரெண்டுக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா போதும்.

அடுத்து உறுமல். வால்யூமை ஜீரோவுக்குக் கொண்டு வாங்க. உறுமல் நின்னுட்டா பிரச்சினை முன்பக்கம், அதாவது ப்ரீஆம்ப் ட்யூப் பக்கம். நிக்கலைன்னா பவர் பக்கம். பழைய ஆம்ப்னா ஃபில்டர் கெபாசிட்டர் மேலதான் முதல் சந்தேகம். அது டெக்னீஷியன் வேலை.

ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரை எடுத்துக்குங்க. 15 வாட் ஆம்ப். மூணு 12ஏஎக்ஸ்7, ரெண்டு இஎல்84. அதனால நல்லா இருக்கிற ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 ஸ்பேர் இருந்தா மூணு இடத்தையும் சோதிச்சிடலாம். ஆஃப் பண்ணி, ஆற விட்டு, ஒவ்வொண்ணா மாத்துங்க. எந்த இடத்துல போட்டப்போ சத்தம் சரியாகுதோ, அங்கே இருந்த ட்யூப்தான் குற்றவாளி. என் கணக்குப்படி ட்யூப் ஆம்ப் வெச்சிருக்கிறவர் செய்யக்கூடிய நல்ல முதலீடு இந்த ஒரு ஸ்பேர்தான்.

காசு அதிகமா கரையுறது பவர் ட்யூப்லதான், இதை நிதானமாப் பாருங்க. உள்ளே இருக்கிற இழை ஆரஞ்சா எரியுறது நார்மல். சுத்தி இருக்கிற சாம்பல் நிறத் தகடே சிவந்தா உடனே ஆஃப் பண்ணுங்க. ஆறினதும் ரெண்டு இஎல்84-ஐயும் இடம் மாத்திப் போட்டு, கொஞ்ச நேரம் மட்டும் பாருங்க. சிவப்பு ட்யூபோட சேர்ந்து நகர்ந்தா ட்யூப் போச்சு. மேட்ச்டு ஜோடியா வாங்கிக்கலாம். பழைய சாக்கெட்லயே சிவந்தா கோளாறு சர்க்யூட்ல. அந்த நிலைமையில எவ்வளவு விலை உயர்ந்த ட்யூப் போட்டாலும் பொசுங்கிடும்.

ஃப்யூஸ் போயிருந்தா, ஆம்ப் பின்னாடி அச்சடிச்சிருக்கிற அதே மதிப்பு, அதே வகை. அலுமினியத் தாள் சுத்துற வேலையெல்லாம் வேணாம். பவர் ட்யூபைக் கழட்டிட்டுப் புது ஃப்யூஸ் போட்டு ஆன் பண்ணுங்க. ஃப்யூஸ் நின்னா சந்தேகம் ட்யூப் பக்கம் போகும். மறுபடி போனா நேரா கடைக்குத்தான். அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வந்த 120 வோல்ட் ஆம்பை ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நம்ம 230 வோல்ட்ல சொருகியிருந்தா, ஃப்யூஸ் மட்டும் போயிருந்தாலே அதிர்ஷ்டம்தான்.

கடைக்குப் போகும்போது மேல பார்த்ததையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க: வால்யூம் ஜீரோவுல உறுமல் இருக்கு, ட்யூப் மாத்தியும் அதே சாக்கெட்தான் சிவக்குதுன்னு. டெக்னீஷியனோட தேடுற நேரம் குறையும், லேபர் பேசவும் வசதி. உதாரணத்துக்கு 8,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்னா, அதே மாடல் செகண்ட் ஹேண்ட்ல என்ன விலைக்குப் போகுதுன்னு பாருங்க. பாதிக்கு மேல போனா நான் யோசிப்பேன். சரின்னு கொடுத்துட்டா, கழட்டின பழைய பார்ட்ஸைத் திருப்பித் தரணும்னு முன்கூட்டியே சொல்லி வெச்சிடுங்க.