சேம்பிலை வார்ப்பு

தார்நாகாவில் தோட்டமுள்ள வீட்டார், ஒரு பெரிய சேம்பிலையைக் கொண்டே பறவைகள் நீரருந்தும் அழகிய தட்டொன்றை வார்த்துவிடலாம். ஈரமணலைக் குவித்து, அதன்மீது இலையை நரம்புப்புறம் மேலாகப் பரப்புங்கள். ஒரு பங்கு சிமெண்டுடன் இரண்டு பங்கு சலித்த மணலைக் கெட்டியாகக் குழைத்து, நடுவில் 2 சென்டிமீட்டர் கனமாகவும் ஓரத்தில் சற்றுக் குறைவாகவும் அப்புங்கள். வெறுங்கையால் தொடலாகாது, சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும்.

சிமெண்டு உலர்வதனால் இறுகுவதில்லை. நீருடன் வேதிமுறையில் கூடுவதனாலேயே இறுகுகிறது. ஹைதராபாத்தின் கோடை வெயில் அந்நீரைக் கவர்ந்துவிட்டால் தட்டு வெடித்துப்போகும். ஆகவே நிழலில் வைத்து, ஈரச் சாக்கினால் மூடுங்கள். 2 நாள் கழித்துப் புரட்டி இலையை உரித்தபின், ஒரு வாரம் நீரில் ஊறவிடுங்கள். நீரை அடிக்கடி மாற்றினால் காரமும் குறையும். அதன் பின்னரே பறவைகளுக்கு வையுங்கள். இலை வாடிவிடும், அதன் நரம்புச் சுவடோ நெடுநாள் நிலைத்திருக்கும்.