சேர்வரைக் காவல் காக்கும் மென்பொருளுக்கு எந்தத் தரவுத்தளம்?

காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்கள், உறவுகளின் வாக்குமூலங்கள், இடப்பெயர்வுக் காலப் புகைப்படங்கள் எனப் பலவும் இன்று சேர்வர்களில் சேமிக்கப்படுகின்றன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. சேர்வரில் இருப்பவை அழிய நெருப்புத் தேவையில்லை. வன்தட்டு நிரம்பி, காப்புப்பிரதி எடுக்கும் வேலை நின்றுபோனதை மாதக்கணக்கில் எவரும் கவனிக்காமல் விட்டாலே போதும்.

அதைக் கவனிப்பதற்கென்றே இலவசமான திறந்த மூல மென்பொருள்கள் உள்ளன. லத்வியாவில் உருவான ஸபிக்ஸ் அவற்றில் ஒன்று. வன்தட்டில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது, இணையத்தளம் இயங்குகிறதா என்று இடைவிடாமல் பார்த்து, பிசகினால் உடனே அறிவிக்கும்.

அதை நிறுவும்போதே ஒரு தரவுத்தளத்தைத் தெரிவு செய்தாக வேண்டும். மைஎஸ்கியூஎல், அதன் உடன்பிறப்பான மரியாடிபி, போஸ்ட்கிரேஎஸ்கியூஎல் ஆகியவையே வழக்கமான தெரிவுகள். ஒரே கோப்பில் அடங்கிவிடும் எஸ்கியூலைட் எளிதானதுதான். ஆனால் ஸபிக்ஸின் பிரதான சேர்வருக்கு அது உதவாது. தொலைவில் தகவல் திரட்டும் ப்ரொக்ஸிக்கு மட்டுமே பயன்படும்.

எது வேகமானது என்ற விவாதம் சிறிய அமைப்புகளுக்கு அவசியமற்றது. தரவு எவ்வளவு சேரும் என்பதே உண்மையான சிக்கல். 3,000 விடயங்களை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால், செக்கனுக்கு 50 பதிவுகள் விழும். ஒரு பதிவுக்கு 90 பைட் என்று கொண்டால், 30 நாளில் சுமார் 11 ஜிகாபைட். இதைக் கணக்கிடாமல் தொடங்கினால், வன்தட்டு நிரம்புவதை எச்சரிக்க வந்த மென்பொருளே அதை நிரப்பிவிடும்.

பழைய பதிவுகளை ஸபிக்ஸ் தானாகவே அழிக்கும். ஆனால் கோடிக்கணக்கான வரிகளைத் தேடி அழிப்பது தரவுத்தளத்துக்குப் பெருஞ்சுமை. அழித்த இடம் உடனே வன்தட்டுக்குத் திரும்புவதும் இல்லை. போஸ்ட்கிரேஎஸ்கியூஎல்லுடன் டைம்ஸ்கேல்டிபி என்ற நீட்சியைச் சேர்த்தால், பதிவுகள் கால வாரியாகத் துண்டுகளாகச் சேமிக்கப்படும். காலாவதியான துண்டை அப்படியே தூக்கி எறியலாம். புதிதாகத் தொடங்குவோருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

வேர்ட்பிரஸ் தளம் நடத்திப் பழகிய தொண்டர் ஒருவர் மட்டுமே இருக்கிறார் என்றால் கதை வேறு. அவருக்குத் தெரிந்தது மரியாடிபியாகத்தான் இருக்கும், அதிலேயே போகட்டும். விரிவான பதிவுகளை ஒரு வாரம் மட்டும் வைத்திருந்து, மணித்தியாலச் சராசரிகளை ஒரு வருடத்துக்குச் சேமித்தால் போதும்.

2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். திடீரென மின்சாரம் போனாலும் மீண்டெழும் வகையிலேயே இவை எல்லாம் வடிவமைக்கப்பட்டுள்ளன. வன்தட்டே பழுதானால்தான் காப்புப்பிரதி கைகொடுக்க வேண்டும். ஆகவே ஆவணங்கள் இருக்கும் அதே இயந்திரத்தில் ஸபிக்ஸை நிறுவ வேண்டாம். அதன் தரவுத்தளத்தில் உங்கள் எல்லா இயந்திரங்களின் முகவரிகளும், சில வேளை கடவுச்சொற்களும் இருக்கும் என்பதால், பிரதியைப் பூட்டியே வையுங்கள்.

அந்தப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்க முடிகிறதா என்று வெறும் கணினி ஒன்றில் முதலிலேயே செய்து பாருங்கள். அதன் படிமுறையைத் தாளில் எழுதி இருவரிடம் கொடுங்கள். ஒருவர் வெளிநாடு போய்விட்டாலும் மற்றவர் இருப்பார்.